வாய் திறவா ஆங்கிலம்

ஃபேபியோலா டீச்சருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்பதை, அவர் இருபத்து மூன்று வருடம் சொல்லிக்கொடுத்த பிறகு, ஒரு மின்னஞ்சல் கண்டுபிடித்தது.

மின்னஞ்சல் புனேக்குப் பக்கத்தில் ரஞ்சன்காவில் இருக்கும் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரியிடமிருந்து வந்திருந்தது. அந்தத் தொழிற்சாலையில் வாரம் மூன்று நாள், முதல் ஷிஃப்ட் முடிந்ததும், கேன்டீனில் வைத்து முப்பது தொழிலாளர்களுக்கு டீச்சர் ஆங்கில வகுப்பு எடுத்து வந்தார். தமிழர்கள், மராட்டியர்கள், பீகாரிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். அவருடைய முறை மிகவும் சாதாரணமானது. "இன்னிக்கு உங்க கண்ணுல பட்ட இங்கிலீஷை எழுதிட்டு வாங்க" என்பார். மருந்து அட்டை, கேட் பாஸ், பேங்கிலிருந்து வந்த மெசேஜ், மெஷினில் ஒட்டியிருக்கும் போர்டு என்று எதையாவது எழுதிக்கொண்டு வருவார்கள். யாருக்கு எந்த மொழி புரியுமோ அந்த மொழியில் அர்த்தம் சொல்லி, அந்த வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துக் காட்டி, அதே மாதிரி நாலு வாக்கியம் எழுத வைப்பார். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது போல இதில் மறைக்க ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தார்.

மின்னஞ்சல் அப்படி நினைக்கவில்லை. 'உலகளாவிய நடைமுறை ஆங்கிலப் பேரவை'யுடன் கம்பெனி ஒப்பந்தம் செய்திருப்பதாகவும், பேரவையின் நடைமுறை முறைகளில் சான்றிதழ் பெறாத எவரும் இனிமேல் வகுப்புக்குள் நுழைய முடியாது என்றும், பன்னிரண்டு நாள் பயிற்சி வானவடியில் நடக்கும் என்றும், அதுவரை வகுப்புகள் நிறுத்தி வைக்கப்படும் என்றும் அது சொன்னது. கடைசியில் 'ஹேப்பி லேர்னிங்' என்று ஒரு மஞ்சள் முகம் சிரித்தது.

டீச்சரின் கணவர் இன்பநாதன், கட்கி ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"நடைமுறை முறைன்னு போட்டிருக்கான். அப்போ இத்தனை வருசமா நீ சொல்லிக்குடுத்தது என்ன முறையாம்?"

"போய்ப் பாத்தாத்தான தெரியும்" என்றார் டீச்சர்.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தின் இரண்டாவது மாடியில் நடந்தது. கீழே யாருக்கோ நிச்சயதார்த்தம். மேலே நாற்பது ஆசிரியர்கள். வாசலிலேயே ஒரு இளைஞன் எல்லோருடைய ஃபோனையும் வாங்கி ஒரு துணிப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். பையின் மேல் 'வெளி உலகம்' என்று ஆங்கிலத்தில் தைத்திருந்தது. பயிற்சியாளன் அவன்தான். பெயர் மெர்வின். டீச்சருக்கு முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அஞ்சாம் வகுப்பில் அவரிடம் படித்தவன். 'இஸ்', 'ஆர்' இரண்டையும் அவனுக்குள் இறக்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று.

"ஏய் மெர்வினு! அம்மா எப்படி இருக்காங்கடா?"

மெர்வின் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கழுத்தில் தொங்கிய பித்தளை மணியை எடுத்து ஒரு தடவை ஆட்டினான். தாய்மொழி காதில் விழுந்தால் மணி அடிக்க வேண்டும் என்பது பேரவையின் விதி. பிறகு ஆங்கிலத்தில், அம்மா நலம் என்றான்.

முதல் நாள் எல்லோரும் பழமாக வேண்டியிருந்தது. அவரவர் பெயரின் முதல் எழுத்தில் ஒரு பழம், அதற்கு முன்னால் அதே எழுத்தில் ஒரு புகழ்ச்சி. மெர்வின் 'மார்வலஸ் மேங்கோ'. ஃபேபியோலா டீச்சர் 'ஃபேபுலஸ் ஃபிக்', அதாவது அற்புதமான அத்திப்பழம். சட்டையில் அட்டை குத்திக்கொண்டார். டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேதநாயகி அம்மாளுக்குத்தான் சிக்கல். ஐம்பத்தெட்டு வயது. ஒரு நகராட்சிப் பள்ளியில் தலைமை ஆசிரியை. 'வி' என்ற எழுத்தில் ஆங்கிலத்தில் பழமே கிடைக்கவில்லை. பதினோரு மணிவரை அந்த அம்மாள் பழமில்லாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் குழு கூடிப் பேசி, இந்தியாவில் 'வி'யும் 'டபிள்யூ'வும் ஒன்றுதான் என்று முடிவு செய்து, அவரை 'வெரி வாட்டர்மெலன்' என்று அறிவித்தது. நாற்பது பேரும் கை தட்டினார்கள். தட்டுவதும் விதிதான். இரண்டு தட்டு, பிறகு ஒரு சொடுக்கு.

பிறகு பேரவையின் மண்டலத் தலைவர் டாக்டர் பத்ரிநாத் வந்தார். நினைவாற்றலைப் பெருக்கும் பயிற்சி ஒன்றை முன்பு நடத்தியவர். அது ஏன் நின்றுபோனது என்று அவருக்கு நினைவில்லை.

"ஆங்கிலத்தின் முதல் எதிரி யார்?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "ஆசிரியரின் வாய். வகுப்பில் ஆசிரியர் இருபது சதவீதத்துக்கு மேல் பேசினால் அது வகுப்பு அல்ல, வன்முறை. உங்கள் பின்னால் ஒருவர் கடிகாரத்தோடு நிற்பார். வாயைத் திறக்கும்போது அமுக்குவார். மூடும்போது அமுக்குவார்."

இதை அவர் இரண்டு மணி பத்து நிமிடம் விளக்கினார். நடுவில் மூன்று தடவை 'சுருக்கமாகச் சொன்னால்' என்றார். அந்த இரண்டு மணி பத்து நிமிடத்தில் நாற்பது ஆசிரியர்களில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முறை வெற்றி பெற்றுவிட்டதாக டாக்டரே முடிவில் குறிப்பிட்டார்.

அடுத்த நாட்களில் மற்ற விதிகள் தெரிய வந்தன. எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் சொல்லக் கூடாது. அது மாணவனுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. சைகையாலும் பொருளாலும் படத்தாலும் அதை வெளியே வரவழைக்க வேண்டும். இலக்கணம், அதாவது 'கிராமர்', என்ற சொல்லை உச்சரிக்கவே கூடாது. தவிர்க்க முடியாமல் போனால் 'அந்த ஜி' என்று சொல்லலாம். பாடப்புத்தகம், கரும்பலகை, நோட்டு மூன்றும் மாணவனின் தன்னம்பிக்கையைக் காயப்படுத்தும். ஒவ்வொரு அரை மணிக்கும் எழுந்து நின்று குதிக்க வேண்டும்.

நாலாவது நாள் வேதநாயகி அம்மாளுக்கு வந்த சொல் 'பேஷன்ஸ்'. பொறுமை. அதை மற்றவர்களிடமிருந்து வாய் திறக்காமல் வரவழைக்க வேண்டும். அம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிதானமாக மூச்சு விட்டார். "பஸ் ஸ்டாப்" என்றார் ஒருவர். "தூக்கம்." "மூலம்." "கணவர்." முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. கடைசிவரை அந்தச் சொல் வரவில்லை. ஆனால் அம்மாளிடம் இருந்த அந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "பைத்தியக்காரப் பயலுவ" என்று தெளிவாகச் சொன்னார். மணி அடித்தது.

ஃபேபியோலா டீச்சர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தனக்குத்தான் புரியவில்லையோ என்ற சந்தேகம் அவருக்கு உண்மையிலேயே இருந்தது. முப்பது பேர் காத்திருக்கிறார்கள். குதித்துத்தான் சான்றிதழ் கிடைக்கும் என்றால் குதித்துவிட்டுப் போகலாம். முட்டிவலித் தைலம் தடவிக்கொண்டு குதித்தார்.

ஒன்பதாவது நாள் கடக்வாஸ்லா அணைக்குக் கூட்டிப்போனார்கள். 'மெய்ப்பொருள் வழிக் கற்றல்' என்று அதற்குப் பெயர். அணைக்கு ஆங்கிலத்தில் 'டேம்' என்பதை, அணையையே காட்டிக் கற்பிப்பது. நாற்பது ஆசிரியர்களும் ஆங்கிலமே தெரியாத ஆரம்ப மாணவர்களாக நடிக்க வேண்டும். மெர்வின் ஆசிரியர். தனியார் பஸ்ஸில் ஏறும்போதே எல்லா ஃபோனும் 'வெளி உலக'த்துக்குள் போய்விட்டன.

காலை பதினொரு மணி. தண்ணீரைப் பார்த்து நாற்பது பேரும் வரிசையாக நின்றார்கள். மெர்வின் ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் அணையை நோக்கி நீட்டினான்.

ஹடப்சரிலிருந்து வந்த ஒரு இளம் ஆசிரியை உடனே "டேம்" என்றார்.

மெர்வின் அவரை இரக்கத்தோடு பார்த்தான். "அது உங்களுக்கு இன்னும் தெரியாது" என்றான்.

அதன் பிறகு யாரும் பேசவில்லை. அந்தச் சொல் தானாகப் பழுக்க வேண்டும். பத்து நிமிடம் போயிற்று. இருபது நிமிடம் போயிற்று. தண்ணீரை வெறித்தபடி அசையாமல் நிற்கும் நாற்பது பேரைப் பார்த்து, சோளக்கதிர் சுட்டு விற்கும் ஒரு அம்மாள் விசிறியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"காய் ஜாலா? கோணி புடாலா கா?" என்று பதறினாள். யாராவது மூழ்கிவிட்டார்களா என்று கேட்கிறாள்.

எல்லோருக்கும் மராத்தி தெரியும். யாரும் பதில் சொல்லவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த அம்மாள் அதைச் செத்தவன் வீட்டார் தலை குனிவதாக எடுத்துக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டாள். பைக்கில் போனவர்கள் நிறுத்தினார்கள். கூட்டம் சேர்ந்தது. இரண்டு பேர் சட்டையைக் கழற்றிவிட்டு எங்கே குதிப்பது என்று கேட்டார்கள். போலீஸ் ஜீப் வந்தது. ஹவல்தார் இறங்கி, விழுந்தது ஆணா பெண்ணா என்று மராத்தியில் கேட்டார். மெர்வின் ஆங்கிலத்தில், "நாங்கள் தண்ணீரை அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்" என்றான். ஹவல்தார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லத்தியைக் கைமாற்றினார்.

வேதநாயகி அம்மாள்தான் முன்னால் வந்து, யாரும் விழவில்லை, நாங்கள் வாத்தியார்கள், பாடம் படிக்கிறோம் என்று மராத்தியில் சொன்னார். மணி அடித்தது. அதற்குள் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபேபியோலா டீச்சர் ஒரு சோளக்கதிர் வாங்கிக் கடித்தார். பயிற்சியில் அன்றுதான் அவர் சந்தோஷமாக இருந்தார்.

மாலை நாலரைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஃபோனைக் கொடுத்தார்கள். சவரிமுத்துவிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். பதினொன்று இருபதுக்கு ஒரு குரல் செய்தி.

சவரிமுத்து திண்டுக்கல் பக்கத்துக்காரர். நாற்பத்தொரு வயது. பன்னிரண்டு வருடமாக அந்தத் தொழிற்சாலையில் இருக்கிறார். வகுப்புக்கு ஒரு நாள் தவறாமல் வருபவர். டீச்சர் ஃபோனைக் காதில் வைத்தார். பின்னால் மெஷின் சத்தத்தோடு குரல் வந்தது.

"டீச்சர், சவரிமுத்து பேசுறேன். இன்னிக்கு என்னையப் புது மெஷின்ல போட்டுட்டாக. உள்ள அட்டை சிக்கினா எடுக்கணும். போர்டு இங்கிலீஷ்ல இருக்கு. எல்லா வார்த்தையும் தெரியுது டீச்சர், ஒண்ணுதான் தெரியல. மொதல்ல 'டூ நாட் ரீச் இன்'னு இருக்கு. கடைசில 'பவர் இஸ் ஆஃப்'. நடுவுல யு, என், எல், இ, ரெண்டு எஸ். பவர் ஆஃபா இருந்தா கைய விடாதன்னு அர்த்தமா? பழைய மெஷின்லயும் ரோலர ஓடவிட்டுத்தான துடைப்போம், அதான் கேக்குறேன். சூப்பர்வைசர்ட்ட கேட்டா படிச்சவன்தானேங்குறாரு. சும்மா இருக்கையில சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் திரும்ப அழைத்தார். எடுத்தது சவரிமுத்து இல்லை. பானு. அதே லைனில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி. புனேயிலேயே பிறந்து, மராத்தி படித்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"டீச்சர், சவரியண்ணா ஹாத்து... கை..." என்று தொடங்கி அழுதாள். "போர்டைப் படிச்சுதான் டீச்சர் செஞ்சாரு. ஆஃப்ல இருந்துச்சு. அவரேதான் ஆன் பண்ணாரு. ஆன் பண்ணிட்டு கை விட்டாரு."

வலது கையில் நாலு விரல். கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

பஸ்ஸுக்குள் முன்வரிசையில் யாரோ அன்றைய சொல்லை உற்சாகமாக மூன்று தடவை உச்சரித்தார்கள். இரண்டு தட்டு, ஒரு சொடுக்கு. காலையில் பல்லிடுக்கில் சிக்கிய சோளத் தோல் டீச்சரின் நாக்கில் தட்டுப்பட்டது. ஜன்னலைத் திறந்து துப்பினார்.

மறுநாள் காலை அவர் நேராக டாக்டர் பத்ரிநாத்தின் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஒரு பிழை இல்லை. டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அதை மொத்த வகுப்புக்கும் பயன்படும்படி மேடையிலிருந்தே பேசினார்.

"மிகவும் வருந்தத்தக்க, ஆனால் மிகவும் பயனுள்ள நிகழ்ச்சி. நண்பர்களே, ஆராய்ந்து பார்ப்போம். அந்த மனிதர் என்ன கேட்டார்? ஒரு தனிச் சொல்லுக்கு அர்த்தம். யாரிடமிருந்து? ஆசிரியரிடமிருந்து. எந்த மொழியில்? தாய்மொழியில். நம்முடைய ஃபேபுலஸ் ஃபிக் அந்த ஃபோனை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதிலைச் சொல்லியிருப்பார்!" கொஞ்சம் நிறுத்தினார். "ஒன்பது நாள் பயிற்சி ஒரே நொடியில் பாழாகியிருக்கும். மாணவரைத் தானே கண்டுபிடிக்க விட்டார். அதுதான் முறை. அவர் தவறாகக் கண்டுபிடித்தார் என்பது வேறு விஷயம். தவறுகள் கற்றலின் படிக்கட்டு."

"அவருக்கு விரல் போயிருச்சு சார்" என்றார் டீச்சர். தமிழில் வந்துவிட்டது. மணி அடித்தது.

"புரிகிறது. ஆகவே அவருக்கு நம் ஆதரவைத் தெரிவிப்போம்" என்று டாக்டர் எழுந்து நின்றார். முப்பத்தெட்டு பேர் எழுந்து, இரண்டு தட்டு தட்டி, ஒரு சொடுக்குச் சொடுக்கினார்கள். கட்டைவிரலும் நடுவிரலும் உரசும் அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. வேதநாயகி அம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, தன் பத்து விரலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபேபியோலா டீச்சர் கைகழுவும் இடத்துக்குப் போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார்.

வீட்டில் இன்பநாதன், "விட்டுத் தொலை ஃபேபி. அந்தப் பயலுக மூஞ்சில முழிக்காத" என்றார்.

"நான் விட்டுட்டா மத்த இருபத்தொன்பது பேருக்கு அந்த வார்த்தைய யாரு சொல்லுவா?"

"ஃபோன்ல சொல்லேன்."

"சவரிமுத்துக்கு ஃபோன்லதான சொல்லியிருக்கணும்" என்றார் டீச்சர்.

பன்னிரண்டாவது நாள் தேர்வு. ஒவ்வொரு ஆசிரியரும் உண்மையான மாணவர்களுக்கு இருபது நிமிடம் பாடம் நடத்த வேண்டும். மாணவர்களாக ரஞ்சன்காவ் தொழிற்சாலையிலிருந்து பதினான்கு பேரைக் கம்பெனி பஸ்ஸில் கொண்டு வந்திருந்தார்கள். எல்லோரும் சீருடையில் இருந்தார்கள். பானுவும் இருந்தாள். மனிதவள அதிகாரி சிறப்பு விருந்தினராக மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரிமுத்துவின் இடத்தில் காலி நாற்காலி போட வேண்டும் என்று பானு கேட்டாளாம். வரிசை அழகாக இருக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

ஃபேபியோலா டீச்சருக்குக் கொடுக்கப்பட்ட பாடம், 'லண்டன் ஹோட்டலில் காலை உணவு ஆர்டர் செய்தல்'. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பிளாஸ்டிக்கில் செய்த பிறை வடிவ ரொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். கடிகாரக்காரர் பின்னால் வந்து நின்றார். மெர்வின் மணியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

டீச்சர் பிளாஸ்டிக் ரொட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். பாடத்திட்டம் எழுதியிருந்த பெரிய தாளைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் மார்க்கரால் அந்த போர்டு வாக்கியத்தைப் பெரிதாக எழுதினார். டூ நாட் ரீச் இன் அன்லெஸ் பவர் இஸ் ஆஃப்.

"இத வாசிங்க. யாரும் பக்கத்துல பாக்காதீங்க. கரண்டு ஓடும்போது கைய விடலாம்னு இந்த போர்டு சொல்லுதுன்னு யாருக்கெல்லாம் தோணுது, கை தூக்குங்க."

மணி அடித்தது. பதினான்கு பேரில் ஒன்பது பேர் கை தூக்கினார்கள்.

டீச்சர் கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்தார். ஒன்பது கை, நாற்பத்தைந்து விரல்.

"சரி, கீழ போடுங்க. இப்போ கேளுங்க. 'அன்லெஸ்'னா ஒரு பூட்டு. பின்னால வர்றது நடந்தாத்தான் பூட்டுத் திறக்கும். பவரை ஆஃப் பண்ணாம உள்ள கைய விடாத. ஆஃப் பண்ணியாச்சா, விடலாம். பண்ணலியா, கூடவே கூடாது." மணி. "ஜப் தக் பவர் பந்த் நஹீன், ஹாத் மத் டாலோ." மணி. "பானு, மராத்தில நீ சொல்லு."

பானு எழுந்து, "பவர் பந்த் கேல்யாஷிவாய் ஹாத் காலூ நகா" என்றாள். பின்வரிசையில் ஒரு வயதான மராட்டியத் தொழிலாளி, "அரே தேவா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மெர்வின் விடாமல் மணியை ஆட்டினான். அவன் முகம் வியர்த்தது. ஆட்டிய வேகத்தில் மணியின் நாக்கு கழன்று தரையில் உருண்டு பானுவின் காலடிக்குப் போயிற்று. அவள் குனிந்து பார்த்துவிட்டு, அதன் மேல் ஷூவை வைத்துக்கொண்டாள். அதன் பிறகு மணி ஆடியது, சத்தம் வரவில்லை.

"இது கிராமர்" என்றார் டீச்சர். டாக்டர் பத்ரிநாத் நாற்காலியில் நெளிந்தார். "பயப்படாதீங்க. ரெண்டு வாக்கியத்த ஒரு வார்த்தை கட்டுது, அவ்வளவுதான். இப்போ ஆளுக்கொண்ணு சொல்லணும். உங்க சொந்த விஷயமா இருக்கணும்."

ஒருவர் தட்டுத்தடுமாறி, "டூ நாட் சைன் அன்லெஸ் யூ ரீட்" என்றார். இன்னொருவர், "மை ஒய்ஃப் வில் நாட் ஈட் அன்லெஸ் ஐ ஈட்" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். பானு யோசித்து, விரலால் காற்றில் எழுதிப் பார்த்து, பிறகு மனிதவள அதிகாரியைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஐ வில் நாட் டச் தட் மெஷின் அன்லெஸ் த போர்ட் இஸ் இன் மராத்தி."

சிரிப்பு நின்றது. மனிதவள அதிகாரி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

"வெரி குட் பானு" என்றார் டீச்சர். இருபது நிமிடம் முடிந்தது.

மதிப்பீட்டுத் தாளை மெர்வின்தான் கொண்டுவந்து கொடுத்தான். ஆசிரியர் வாய் திறந்திருந்த நேரம் எழுபத்தொரு சதவீதம். தாய்மொழிக் குற்றம், மணி உடைந்ததால் எண்ண முடியவில்லை. 'அந்த ஜி' நேரடியாக உச்சரிக்கப்பட்டது. வழங்கப்பட்ட ரொட்டி பயன்படுத்தப்படவில்லை. மாணவர் புன்னகை: ஒரு தடவை மட்டும், அதுவும் பாடத்துக்குத் தொடர்பில்லாதது. முடிவு: தகுதி இல்லை.

டீச்சர் தாளை முன்னும் பின்னும் திருப்பினார். "அவங்க கத்துக்கிட்டாங்களா இல்லியான்னு இதுல எங்க எழுதணும் மெர்வின்?"

மெர்வின் கதவுப் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. "அதுக்குக் கட்டம் இல்ல மிஸ்" என்றான், மெதுவாக, தமிழில். "நான் என்ன மிஸ் பண்ணட்டும்? அவங்க குடுக்குற ஃபார்ம்தான்."

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். அம்மாவக் கேட்டதாச் சொல்லு."

ரஞ்சன்காவ் வகுப்புக்கு மெர்வினையே அனுப்பினார்கள். அவன் ஒரு பை நிறைய பிளாஸ்டிக் பழங்களோடு போனான். பானு சொன்னபடியே மெஷினைத் தொடவில்லை. அடுத்து ஏழு பேர் தொடவில்லை. மூன்றாவது நாள் மராத்தியிலும் இந்தியிலும் போர்டு வந்தது. தமிழில் வரவில்லை. பேரவையின் பயிற்சியால் தொழிலாளர்களின் பேச்சுத்திறன் எழுபத்திரண்டு மணி நேரத்தில் மேம்பட்டதாக டாக்டர் பத்ரிநாத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது பேர் இரண்டு பஸ் மாறி வானவடியில் டீச்சர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். இன்பநாதன் நாற்காலி போதாமல் கட்டிலை நகர்த்திப் போட்டார். இரண்டாவது மாதம் சவரிமுத்துவும் வந்தார். இப்போது கம்பெனி கேட்டில் உட்கார்ந்து வண்டி எண் குறிக்கிற வேலை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். அவர் வந்த அன்று டீச்சர், "அன்னிக்கு உங்க ஃபோன..." என்று தொடங்கினார். "நீங்க என்ன பண்ணுவீக டீச்சர்" என்று அவரே சொல்லிவிட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

ஒரு ஞாயிறு அவர் பையிலிருந்து பளபளப்பான ஒரு கையேட்டை எடுத்து மேசையில் வைத்தார். பேரவையின் புது வெளியீடு. தொழிற்சாலையில் எல்லோருக்கும் கொடுத்தார்களாம். முதல் பக்கத்தில் சவரிமுத்துவின் படம். ஆஸ்பத்திரிச் சட்டையில், கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்.

பானு பார்த்துவிட்டு, "சீ" என்றாள்.

"கம்பெனில இருந்து பாக்க வந்தாகன்னு நெனச்சேன்" என்றார் சவரிமுத்து. "கூட ஒரு ஃபோட்டோகாரரு. கட்டைவிரலத் தூக்குங்கன்னாரு. அது ஒண்ணுதான இருந்துச்சு, தூக்குனேன்."

டீச்சர் அந்தப் படத்தைப் பார்க்க முடியாமல் கையேட்டைக் கவிழ்த்து வைக்கப் போனார். சவரிமுத்து தடுத்தார்.

"இருங்க டீச்சர். கீழ எழுதியிருக்குறத வாசிச்சேன். ஒரு சந்தேகம்."

ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். "சவரிமுத்து கேன் நௌ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வித்தவுட் ஃபியர்." நிமிர்ந்தார். "'கேன்' வந்தா அடுத்த வார்த்தையில எஸ் வராதுன்னு சொன்னீகளே. இவக போட்டிருக்காகளே?"

"வராது" என்றார் டீச்சர்.

சவரிமுத்து பென்சிலை இடது கையில் பிடித்தார். கோடு கோணலாகத்தான் போயிற்று, ஆனால் சரியாக அந்த ஒரு எழுத்தின் மேல் விழுந்தது. தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இப்போ சரி. மிச்சமெல்லாம் பொய்யி, ஆனா பிழை இல்ல" என்றார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "இதுல அந்த டாக்டரு எழுதியிருக்காரு டீச்சர். ரெண்டு பக்கம். அதையும் திருத்திருவமா?"

டீச்சர் பென்சிலை வாங்கிச் சீவிக் கொடுத்தார்.